கேஸ்கட், ஆயில் சீல்: கையேட்டுக்கு என்ன சொல்?

அனைவருக்கும் வணக்கம்.

சிறு எஞ்சின் பழுதுபார்ப்புக் கையேட்டில் கேஸ்கட்டும் (இரண்டு பாகங்களின் முகங்களுக்கு இடையே வைத்து இறுக்கும் தாள்), ஆயில் சீலும் (சுழலும் தண்டைச் சுற்றி அமரும் ரப்பர் வளையம்) பக்கத்துக்குப் பக்கம் வருகின்றன. இங்கே பெங்களூரு ஜே.சி. ரோட்டுக் கடைகளில் 'பேக்கிங்' என்றால் கேஸ்கட்டை எடுத்துத் தருவார்கள். ஆனால் தண்ணீர் பம்பின் கிளாண்டுக்குள், அதாவது தண்டு வெளியே வரும் இடத்துக் கூட்டுக்குள், சுற்றித் திணிக்கிற கிராஃபைட் கயிற்றுக்கும் பேக்கிங் என்றே பெயர். அந்தக் கயிறு சொட்டுச் சொட்டாகக் கசிய வேண்டும், அப்போதுதான் தண்டு சூடேறாது. கேஸ்கட்டோ ஒரு சொட்டுக்கூட விடக் கூடாது. நேர் எதிரான இரண்டு வேலைக்கு ஒரே சொல்லை எழுதினால் புதிதாகக் கற்கிற பையன்கள் குழம்புவார்கள்.

என் முன்மொழிவு: கேஸ்கட் – இடையடைப்பு, ஆயில் சீல் – எண்ணெய் அடைப்பு. உங்கள் கருத்து வேண்டும்.

*

> கேஸ்கட் – இடையடைப்பு, ஆயில் சீல் – எண்ணெய் அடைப்பு

வணக்கம் ஐயா. 'இடை' இருக்கட்டும், 'அடைப்பு' வேண்டாம். பட்டறையில் அடைப்பு என்பது பழுதின் பெயர்: கார்புரேட்டர் ஜெட்டில் அடைப்பு, எஞ்சினின் உள்காற்றை வெளியே விடும் பிரீதர் குழாயில் அடைப்பு. பிரீதர் அடைத்துக்கொண்டால் கிராங்க்கேஸுக்குள் (கிராங்க் தண்டு சுழலும் பெட்டி) அழுத்தம் ஏறி, புதிதாகப் போட்ட சீலைத் தாண்டியும் ஆயில் வெளியே வரும். சீலைக் குறை சொல்லிக் கழற்றுவதற்கு முன் பிரீதரைப் பார் என்று கையேட்டில் கட்டாயம் எழுத வேண்டும். அந்த ஒரு வரியில் 'அடைப்பு' இரண்டு பொருளில் வந்தால் படிப்பவர் கதி என்ன?

'எண்ணெய்' என்பதும் பொருந்தவில்லை. டூ ஸ்ட்ரோக் எஞ்சினில் பெட்ரோல் கலவை கிராங்க்கேஸ் வழியாகத்தான் சிலிண்டருக்குப் போகிறது, எனவே கிராங்க் சீல் முதலில் தடுப்பது காற்றை. மேக்னெட்டோ (தீப்பொறிக்கு மின்சாரம் தரும் பாகம்) பக்கத்துச் சீல் கிழிந்தால், பிஸ்டன் மேலே ஏறும்போது வெளிக்காற்று உள்ளே இழுபடும், பெட்ரோல் கலவை மெலியும். ஐடிலில் ஆர்.பி.எம். தானாக ஏறி இறங்க மறுக்கும், கடைசியில் பிஸ்டன் பிடித்துக்கொள்ளும். வெளியே ஒரு துளி ஆயில்கூட இருக்காது. பெயரில் எண்ணெய் இருப்பதால் எண்ணெய்க் கறையைத் தேடி, சீல் நன்றாக இருக்கிறது என்று விட்டுவிடுவார்கள். பழைய டூ ஸ்ட்ரோக் பைக்கில் கிளட்ச் பக்கத்துச் சீல் போனால் கியர் ஆயில் உள்ளே இழுபட்டு வெள்ளைப் புகை வரும். அதுவும் உள்நோக்கிய கசிவுதான்.

எனவே செய்யும் வேலையை விட்டுவிட்டு உருவத்தை வைத்துப் பெயரிடலாம். தண்டைத் தொடுவது அந்த மெல்லிய ரப்பர் உதடு ஒன்றுதான். மெக்கானிக்கும் 'லிப் போச்சு' என்றுதான் சொல்கிறார். இதழ்வளையம் என்று வைக்கலாம்.

கேஸ்கட்டுக்கு இடையணை. பஞ்சணையில் உள்ள அணை மெத்தை, ஆற்றில் உள்ள அணை தடுப்பு. கேஸ்கட் இரண்டும் செய்கிறது: இரு முகங்களின் மேடுபள்ளத்தில் நசுங்கி அமர்கிறது, ஆயிலையும் தடுக்கிறது. 'இடை' இருப்பதற்கும் காரணம் உண்டு. கேஸ்கட்டின் தடிமன் ஓர் அளவு. கிராங்க்கேஸ் மூடிக்கு மெல்லிய தாளை வெட்டிப் போட்டால் கிராங்க்கின் அச்சுவாட்டு ஆட்டம் (தண்டு நீளவாக்கில் நகர இருக்கும் இடைவெளி) குறைந்து, போல்ட்டை இறுக்கியதும் தண்டு சுற்ற மறுக்கும். டூ ஸ்ட்ரோக்கில் சிலிண்டர் அடி கேஸ்கட் தடித்தால் போர்ட் (சிலிண்டர் சுவரிலுள்ள துளை) திறக்கும் நேரமே மாறிவிடும்.

*

இரண்டையும் ஏற்கிறேன். சிலிண்டரின் மேல்மூடியான ஹெட்டுக்குப் போடும் ஹெட் கேஸ்கட்டை மட்டும் யாரும் 'தலையணை' என்று சுருக்கிவிடக் கூடாது, 'ஹெட் இடையணை' என்றே எழுதுவோம். டியூபிலிருந்து பிதுக்கிப் பூசும் சிலிக்கான் பசைக்கு 'பசையணை' சரிவரும். அதை ஹெட்டில் பூசக் கூடாது, மற்ற இடத்தில் தடவினாலும் மெல்லிய கோடாக மட்டுமே. மிஞ்சியது உள்ளே பிதுங்கி, பிய்ந்து விழுந்து, ஆயில் வழியை அடைக்கும். இதழின் முதுகில் இருக்கும் ஸ்பிரிங் வளையத்துக்குக் 'கச்சைச்சுருள்'.

சொற்கள் ஓடுகின்றனவா என்று பார்க்கக் கையேட்டு நடையில் ஒரு பத்தி:

"பழைய இடையணையைப் பிளாஸ்டிக் அல்லது பித்தளைச் சுரண்டியால் எடுக்கவும். இரும்பு பட்டால் அலுமினிய முகத்தில் கோடு விழும், அந்தக் கோட்டின் வழியே கசியும். ஹோண்டா ஜிஎக்ஸ்160 எஞ்சினின் ஹெட்டில் நேர்விளிம்பை வைத்து, 0.10 மி.மீ. ஃபீலர் (இடைவெளி அளக்கும் மெல்லிய தகடு) நுழைந்தால் முகம் வளைந்துவிட்டது. நான்கு போல்ட்டையும் குறுக்குமறுக்காக, இரண்டு மூன்று சுற்றில் 24 நியூட்டன் மீட்டர் வரை இறுக்கவும். இதழ்வளையத்தில் 25×40×7 என்று இருந்தால் தண்டு 25, அமரும் துளை 40, தடிமன் 7 மி.மீ. கச்சைச்சுருள் உள்ள பக்கம் ஆயிலைப் பார்த்து இருக்க வேண்டும். இதழ் கிழியாதபடி தண்டின் சாவிப்பள்ளத்தின் மேல் டேப் சுற்றி, இதழில் கிரீஸ் தடவி நுழைக்கவும். உலர்ந்த இதழ் எஞ்சின் ஓடத் தொடங்கியதுமே கருகிவிடும்."

இன்னொன்று பாக்கி. பழைய இதழ் உரசி உரசித் தண்டில் ஒரு பள்ளம் விழும். நகத்தை வைத்து இழுத்தால் மாட்டும். அங்கேயே புது வளையத்தை உட்காரவைத்தால் மறுபடியும் கசியும். இடம் இருந்தால் ஒரு மி.மீ. தள்ளி உட்காரவைப்பார்கள், இல்லையென்றால் தண்டுக்கு மெல்லிய ஸ்லீவ் (உறை) மாட்டுவார்கள். அந்தப் பள்ளத்தைத் 'தேய்தடம்' என்று எழுதலாமா?