புதுப்பிப்பு: லண்டன் நாடக அரங்கில் சந்தைப்படுத்தல் பயிற்சி

வெளிநாட்டில் நாடகச் சந்தைப்படுத்தல் பயிற்சிக்குச் செல்பவர், அது முடிந்த பிறகும் நிலைக்கும் தொழில்முறைத் தொடர்புகளை எப்படி உருவாக்கிக்கொள்வது என்று முன்பு இங்கே கேட்டிருந்தேன். லண்டனில் என் பயிற்சி இப்போது நிறைவடைந்துவிட்டது.

அறிமுக விருந்துகளைத் தவறவிட வேண்டாம் எனப் பலர் அறிவுறுத்தியிருந்தீர்கள். அவற்றைவிட, நுழைவுச்சீட்டு விற்பனைப் பிரிவினருடன் பழகியதே எனக்கு அதிகம் பயன்பட்டது. முறையான தொடக்கத்துக்கு முன் நடக்கும் முன்னோட்டக் காட்சிகள் தொடங்கி விமர்சகர்கள் வரும் இரவு வரையிலான நாட்களில், எந்த விளம்பர மின்னஞ்சலுக்குப் பின் எந்த விலைப் பிரிவு இருக்கைகள் விற்கின்றன என்பதை முதலில் அறிபவர்கள் அவர்களே. காலைதோறும் அவர்களுடைய விற்பனை அறிக்கையைப் படித்து, மேல்மாட இருக்கைகள் தேங்குவதைப் போன்றவற்றைச் சிறு குறிப்பாக எழுதி என் மேலாளருக்கு அனுப்பிவந்தேன். அக்குறிப்புகளை நினைவில் வைத்துத்தான் அவர் என்னை ஒரு விளம்பர முகமைக்குப் பரிந்துரைத்தார்.

1947இல் தொடங்கி ஆகஸ்டு மாதங்களில் நடந்துவரும் ஸ்காட்லாந்தின் நாடக, கலை விழாவான எடின்பரோ ஃப்ரிஞ்சுக்கும், வாய்ப்பிருந்தால், கட்டாயம் செல்லுங்கள். ராயல் மைல் தெருவில் நடிகர்களே துண்டறிக்கையை நீட்டி, தங்கள் நாடகத்தை ஒரே வரியில் சொல்லி வழிப்போக்கரை நிறுத்துவதை அங்கே நேரில் காணலாம். தயாரிப்பாளர்களும் அரங்க நிர்வாகிகளும் புதிய படைப்புகளைத் தேடி வருவதால், பேச்சு இயல்பாகவே தொடங்கிவிடுகிறது.

அறிமுகமானவர்களுக்குப் பின்னர் எழுதும்போது வேலை கேட்காமல், அவர்கள் உருவாக்கிய ஒரு சுவரொட்டியையோ முன்னோட்டக் காணொளியையோ குறிப்பிட்டுக் கேள்வி கேளுங்கள். எனக்குப் பதில் வந்தது பெரும்பாலும் அத்தகைய கடிதங்களுக்குத்தான்.