ஃபெட்டி லிவர்: அம்மாவின் அசதி குறையவே இல்லை

எல்லாருக்கும் வணக்கம். நாங்க இலங்கையில் தலவாக்கலைப் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டம். அம்மாவுக்கு 49 வயசு, கொழுந்து எடுக்கிறாங்க. உயரம் 5 அடி, எடை 71 கிலோ. மார்ச்சில் எடுத்த ஸ்கேனில் ஃபெட்டி லிவர் (ஈரலில் கொழுப்பு சேர்றது), கிரேட் 2, அதாவது நடுத்தர அளவு என்று வந்தது.

பிரச்சினை அசதிதான். காலையில் எழும்பும்போதே களைப்பு. வலது விலாவுக்குக் கீழே பாரமாக இருக்காம். கூடையோடு மலை ஏறினால் பத்து நிமிஷத்தில் உட்கார்ந்துடுறாங்க. ஒரு நாளைக்கு எடுக்க வேண்டிய 18 கிலோ கொழுந்தை எடுக்க முடியாமல் பாதி நாட்களில் அரைப் பேர், அதாவது அரை நாள் சம்பளம்தான் விழுது. குடிப்பழக்கம் அறவே இல்லை. ஆனாலும் ஈரல் நோய் என்றதும் குடியாலதான் என்று நினைச்சு லயத்தில் (தோட்டத்து வரிசை வீடுகளில்) இருக்கிறவங்க ஒரு மாதிரிப் பார்க்கிறாங்க. அதனாலேயே அம்மா கல்யாண வீடு, கோயில் எதுக்கும் வர்றதில்லை.

பிளேன்டீக்குச் சீனி நிறுத்தியாச்சு. மூணு வேளை கோதுமை ரொட்டி இப்போ ஒரு வேளை. மற்றதுக்குக் குரக்கன் (கேழ்வரகு), பயறு, கீரை. 4 மாசத்தில் 3 கிலோ குறைஞ்சது. எடையில் 7 முதல் 10 சதவீதம் குறைந்தால் ஈரலுக்கு நல்லது என்கிறார் டொக்டர், மாத்திரை எதுவும் தரவில்லை. "தினம் நடங்க" என்றாராம். நாள் முழுக்க மலையில் நடக்கிற அம்மாவுக்கே சிரிப்பு வந்துடுச்சு. சீனி வியாதி, தைரொயிட், இரத்தச்சோகை எல்லாம் பார்த்தாச்சு, நோர்மல். சிலர் கீழாநெல்லிச் சாறு கொடுக்கச் சொல்றாங்க. டொக்டரைக் கேட்காமல் கொடுக்கப் பயம்.

உங்க வீட்டில் யாருக்காவது இப்படி இருந்திருந்தால், எவ்வளவு எடை குறைந்த பிறகு இந்த அசதி விட்டது?