பேஸ்மென்டில் டீஹியூமிடிஃபையர் ஐஸ் கட்டிக்கொண்டே இருக்கிறது, கேஸ் போய்விட்டதா?

ஸ்காபரோவாசி:
வணக்கம். பனி உருகத் தொடங்கியதிலிருந்து பேஸ்மென்டில் பூஞ்சை வாடை, அதனால் காற்றிலுள்ள ஈரத்தை இழுக்கிற டீஹியூமிடிஃபையரை ராத்திரியெல்லாம் ஓடவிடுகிறேன். காலையில் பார்த்தால் வாளியில் தண்ணீர் என்று சொல்ல ஒன்றும் இல்லை, ஃபில்டரைக் கழற்றினால் உள்ளே இருக்கும் குளிர்ந்த குழாய்ச் சுருள் (காயில்) முழுக்க வெள்ளையாக ஐஸ். ஃபேன் ஓடுகிறது, சத்தமும் வழக்கம்போலத்தான். நிறுத்தி உருகவிட்டுப் போட்டால் மறுபடி அதே கதை. ஈரப்பதத்தை 35 சதவீதத்தில் வைத்திருக்கிறேன். உள்ளே குளிரூட்டுகிற கேஸ் தீர்ந்துவிட்டதா, புதிது வாங்குவதுதான் வழியா?

மார்க்கம் மாமா:
ஃபில்டரைக் கழுவினீர்களா? பாதிப் பேருக்கு அதுதான் பிரச்சினை. சுவரோடு ஒட்டி வைத்திருந்தால் கொஞ்சம் தள்ளி வையுங்கள், காற்று போய்வர வேண்டும். ஃபேனையும் ஹையில் போடுங்கள்.

குளிர்ப்பெட்டி:
நான் இந்த வேலைதான் செய்கிறேன். கேஸைப் பற்றி யோசிக்குமுன் பேஸ்மென்ட் எத்தனை டிகிரி என்று பாருங்கள். சாதாரண மாடல்களுக்கு அறை 18 டிகிரிக்கு மேல் இருக்க வேண்டும், அதற்குக் கீழே போனால் காயில் பூஜ்ஜியத்துக்கு இறங்கி, தண்ணீராகச் சொட்ட வேண்டிய ஈரம் அங்கேயே உறைந்துவிடும். ஐஸ் காற்றை அடைக்கும், காற்று குறைந்தால் இன்னும் ஐஸ். 2019-ல் அமெரிக்காவில் இந்த மெஷின்கள் ஒரு நாளைக்கு எவ்வளவு தண்ணீர் இழுக்கும் என்று அளக்கிற சோதனை வெப்பநிலையையே 80 ஃபாரன்ஹீட்டிலிருந்து 65-க்கு (சுமார் 27 டிகிரி செல்சியஸிலிருந்து 18-க்கு) இறக்கினார்கள், பழைய 70 பைன்ட் (ஒரு பைன்ட் சுமார் அரை லிட்டர்) மெஷின் இப்போது 50 பைன்ட் என்று விற்பது அதனால்தான். குளிரில் அவ்வளவு வாங்காது.

அப்புறம் ஐஸ் எங்கே கட்டுகிறது என்று பாருங்கள். காயில் முழுக்கச் சீராக இருந்தால் குளிர் அல்லது காற்றோட்டம். கேஸ் நுழைகிற மெல்லிய செப்புக் குழாய்ப் பக்கம் மட்டும் கொஞ்சம் கட்டி மீதி காய்ந்து கிடந்தால் கேஸ் கசிந்திருக்கலாம், அப்படியென்றால் செலவு செய்யாதீர்கள், இந்தச் சின்ன மெஷின்களை மூடி ஒட்டித்தான் விற்கிறார்கள், திறந்து கேஸ் அடிக்கிற கூலிக்குப் புதிதே வாங்கலாம். தயவுசெய்து கத்தியால் ஐஸைக் கிளறாதீர்கள். ஓட்டை விழுந்தால் நல்ல மெஷினும் போச்சு.

சந்தேகம் தீர, ஐஸை உருகவிட்டு மேலே ஹாலுக்குத் தூக்கிப்போய் இரண்டு மூன்று மணி நேரம் ஓட்டுங்கள். அங்கே ஐஸ் வராமல் தண்ணீர் சேர்ந்தால் மெஷின் மேல் குற்றமில்லை.

ஸ்காபரோவாசி:
அண்ணா, ஃபில்டர் சுத்தம்தான். பேஸ்மென்ட் 14 டிகிரி காட்டுகிறது. மேலே ஹாலில் ஓட்டினேன், ஐஸ் இல்லை, வாளியில் தண்ணீர் நன்றாகவே சேர்ந்தது. ஆனால் பெட்டியில் ஆட்டோ டிஃப்ராஸ்ட் என்று போட்டிருந்ததே?

குளிர்ப்பெட்டி:
அப்போ மெஷின் நல்லது. டிஃப்ராஸ்ட் என்றால் ஐஸ் உருகுவதற்காக கம்ப்ரஸரை நிறுத்திவிட்டு ஃபேனை மட்டும் ஓட்டுவது, அவ்வளவுதான். அதற்கு ஒரு சின்ன சென்சார், செப்புக் குழாயில் கிளிப் போட்டு மாட்டியிருப்பார்கள். அது கழன்று தொங்கினால் மெஷினுக்கு ஐஸ் இருப்பதே தெரியாது. பிளக்கைப் பிடுங்கிவிட்டு ஒரு பார்வை பாருங்கள். 35 வேண்டாம், 50-ல் வையுங்கள், 35 என்றால் கம்ப்ரஸர் ஓயவே ஓயாது. ஹீட்டர் போட்டு 18-க்கு ஏற்ற முடிந்தால் இதே மெஷின் போதும். முடியாவிட்டால் 5 டிகிரி வரை ஓடும் என்று எழுதியிருக்கிற மாடல், இல்லையேல் டெசிக்கன்ட் வகை, அதாவது ஈரத்தை உறிஞ்சும் பொருளால் வேலை செய்வது. டெசிக்கன்ட் கரண்ட் கூடத் தின்னும், ஆனால் ஐஸ் கட்ட அதில் குளிர்ந்த காயிலே இல்லை.

மார்க்கம் மாமா:
மெஷின் எந்த வருடத்தது தம்பி? க்ரீ நிறுவனம் 2005 முதல் 2013 வரை தயாரித்து வேறு வேறு பிராண்டு பெயர்களில் விற்றவற்றைத் தீப்பிடிக்கும் ஆபத்து என்று 2013-ல் திரும்ப அழைத்தார்கள், இன்னும் எத்தனையோ பேஸ்மென்டில் ஓடுகிறது. லேபிளைப் பாருங்கள். இன்னொன்று, கூரைத் தண்ணீர் இறங்குகிற குழாய் எங்கே கொட்டுகிறது? சுவரோரத்திலேயே என்றால் முதலில் அதை நீட்டிவிடுங்கள்.

ஸ்காபரோவாசி:
2021 மெஷின் மாமா. குழாய் சுவரோரத்தில்தான் கொட்டுகிறது, சனிக்கிழமை நீட்டிவிடுகிறேன்.