புது பெல்ட் போட்டும் கீச் கீச் சத்தம், அவசரம், உதவுங்க

புதுஓட்டி:
வணக்கம். வண்டில பேட்டரியை சார்ஜ் பண்ணுமே ஆல்டர்னேட்டர், அதோட பெல்ட் வெடிப்பு விட்டிருந்துச்சு, நேத்து நானே மாத்திட்டேன். காலையில ஸ்டார்ட் பண்ணதும் தெருவே திரும்பிப் பார்க்கிற மாதிரி கீச்சுனு சத்தம். ஹெட்லைட், ஏசி போட்டா மறுபடியும் கத்துது. பேட்டரி லைட் வேற லேசா மினுக்குது. பெல்ட் டைட்டாத்தான் இருக்கு, போல்ட்டை இதுக்கு மேல திருகவே முடியல. நாளைக்கு வெளியூர் போகணும்!!

கிரீஸ்கை:
என்ன வண்டி, எந்த வருஷம்? ஒத்தை வி பெல்ட்டா, இல்ல உள்பக்கம் கோடு கோடா இருக்குமே, அந்த ரிப் பெல்ட்டா? போல்ட் திருகி இழுக்கிற வகையா, தானா இழுத்துப் பிடிக்கிற ஸ்பிரிங் டென்ஷனரா? எதுவுமே சொல்லாம கேட்டா எப்படி தம்பி?

ஒயரிங்ராசா:
சந்தேகமே வேண்டாம், ஆல்டர்னேட்டர் பேரிங் போச்சு. பெல்ட்டைக் கழட்டிட்டு, அது ஓடுற சக்கரம் இருக்குல்ல, அந்தப் புல்லியைக் கையால சுத்திப் பாருங்க. கரகரன்னா அதேதான்.

மூத்தபிஸ்டன்:
இதே கேள்விக்கு இங்க எத்தனை தடவை பதில் எழுதியிருக்கேன்னு எனக்கே கணக்கில்ல. தேடிப் பார்க்கிற பொறுமை இல்லாதவங்க பானெட்டைத் திறக்காம இருக்கிறதே வண்டிக்கு நல்லது.

பக்கத்துசீட்டு:
எங்க அப்பா காய்ஞ்ச சோப்புக்கட்டியை ஓரத்துல லேசா தேய்ப்பாரு. உடனே சத்தம் நிக்கும்.

கிரீஸ்கை:
நிக்கும், அரை மணி நேரத்துக்கு. சத்தம் நின்னா பெல்ட் பிடிக்குதுன்னு அர்த்தமா? சோப்பு வழுக்குற சாமான். சார்ஜ் இன்னும் குறையும்.

பக்கத்துசீட்டு:
அப்பா முப்பது வருஷம் வண்டி ஓட்டினவரு. நடுவழியில ஒரு நாளும் நின்னதில்ல.

மூத்தபிஸ்டன்:
நிக்காததுக்குக் காரணம் சோப்பு இல்ல, அந்தக் கால வண்டில ஏசி, பவர் ஸ்டீயரிங்னு சுமை இல்லாதது. பெல்ட் டிரெஸ்ஸிங்னு ஸ்ப்ரே விக்கிறாங்களே, அதுவும் இதே கதைதான். தூசியை இழுத்து ஒட்ட வச்சுக்கும்.

பக்கத்துசீட்டு:
உங்களுக்கு எல்லாம் தெரியும் சார், விடுங்க.

நட்டுபோல்ட்டு:
பெல்ட் நம்பரைப் பாருங்க ப்ரோ. 4பிகே850ன்னா 4 ரிப், 850 மில்லிமீட்டர் நீளம். நீளமானதைக் கொடுத்திருந்தா எவ்வளவு இழுத்தாலும் தொளதொளன்னுதான் இருக்கும். ஒரு ரிப் புல்லிக்கு வெளியே தொங்குதான்னும் டார்ச் அடிச்சுப் பாருங்க. எனக்கு அப்படித்தான் ஆச்சு, ரெண்டே நாள்ல ஓரம் நாரா கிழிஞ்சு வந்துச்சு.

கிரீஸ்கை:
ஆக்சிலரேட்டர் மிதிக்காம இஞ்சின் ஐடில்ல ஓடும்போது ரிப் பக்கம் கொஞ்சம் தண்ணி தெளிச்சுப் பாருங்க. சத்தம் சட்டுனு அடங்கி, காய்ஞ்சதும் திரும்ப வந்தா புல்லி நேர்கோட்டுல இல்ல. தண்ணி பட்டதும் இன்னும் ஜாஸ்தியானா டென்ஷன், அதாவது பெல்ட்டோட இழுப்பு, பத்தல. கை, சட்டை நுனி எதையும் பெல்ட் கிட்ட கொண்டு போகாதீங்க.

புதுஓட்டி:
பெட்ரோல், ரிப் பெல்ட். நம்பர் பழசுல இருந்த அதேதான், ரிப்பும் சரியா உட்கார்ந்திருக்கு. தண்ணி தெளிச்சா ஜாஸ்தியாகுது. மேல ஒரு நீள போல்ட் இருக்கு, அதைத்தான் திருகினேன். கல்லு மாதிரி இருக்கு.

கிரீஸ்கை:
அட, கீழ் போல்ட்டை லூஸ் பண்ணீங்களா? ஆல்டர்னேட்டர் அந்தக் கீழ் போல்ட்லதான் கதவு கீல் மாதிரி அசையணும். அதுவும் மேல இருக்கிற அசையாம பூட்டுற லாக் நட்டும் இறுகியிருந்தா, நீள போல்ட் கல்லாத்தான் இருக்கும், பெல்ட் மட்டும் தொங்கும். போல்ட் டைட்டு வேற, பெல்ட் டைட்டு வேற. இன்னும் ஒரு சுத்து பலமா திருகியிருந்தா மரையே போயிருக்கும்.

முதல்ல பேட்டரி நெகட்டிவ்வைக் கழட்டுங்க. ஆல்டர்னேட்டர் பின்னாடி இருக்கிற தடிச்ச வயர்ல சாவி எடுத்தாலும் கரண்ட் இருக்கும், ஸ்பானர் பட்டா தீப்பொறி பறக்கும். அப்புறம் கீழ் போல்ட்டையும் லாக் நட்டையும் அசையிற அளவுக்கு மட்டும் தளர்த்தி, நீள போல்ட்டை மெதுவா திருகுங்க. ரெண்டு புல்லிக்கு நடுவுல நீளமான பக்கத்துல கட்டைவிரலால நல்லா அழுத்தினா சுமார் 10 மில்லிமீட்டர் இறங்கணும். கையேட்டுல வேற அளவு போட்டிருந்தா அதுதான் கணக்கு. லாக் நட், கீழ் போல்ட் ரெண்டையும் இறுக்கிட்டு, பத்து நிமிஷம் ஓடவிட்டு நிறுத்தி மறுபடி அழுத்திப் பாருங்க. புது பெல்ட் கொஞ்சம் தளரும்.

மூத்தபிஸ்டன்:
கட்டைவிரல் என்ன அளவுகோலா? பயில்வான் விரல் ஒரு அளவு, குழந்தை விரல் ஒரு அளவு. டென்ஷன் கேஜ் வாங்கத் துப்பில்லாதவங்க பேச்சு.

நட்டுபோல்ட்டு:
பெல்ட்டை 90 டிகிரி முறுக்கிப் பார்க்கிறதுதான் சுலபம். அதுக்கு மேல திரும்பினா லூஸ்.

மூத்தபிஸ்டன்:
அது வேற பெல்ட்டுக்குச் சொன்ன விதி.

நட்டுபோல்ட்டு:
எந்த பெல்ட்டுக்கு, சொல்லுங்களேன்?

கிரீஸ்கை:
சண்டையை அப்புறம் வச்சுக்கலாம். தம்பி, ரொம்பவும் இழுத்துடாதீங்க. அப்புறம்தான் ராசா சொல்ற மாதிரி நிஜமாவே பேரிங் போகும். அதே பெல்ட்டுல வாட்டர் பம்ப் ஓடினா அதோட பேரிங்கும் சேர்ந்து போகும்.

புதுஓட்டி:
கீழ் போல்ட்டைத் தொடவே இல்லண்ணா 🤦 இப்ப சத்தம் இல்ல. நன்றி, கிளம்புறேன்.

கிரீஸ்கை:
கிளம்புறதுக்கு முன்னாடி மல்டிமீட்டர் வச்சு பேட்டரில பாருங்க. இஞ்சின் ஓடும்போது 14 வோல்ட் பக்கத்துல வரணும். பேட்டரி லைட் அணைஞ்சிடுச்சா?

ஒயரிங்ராசா:
எதுக்கும் அந்த பேரிங்கை ஒரு தடவை பார்த்துடுங்க.

கிரீஸ்கை:
மூணு நாளாச்சு தம்பி, ஊர் போய்ச் சேர்ந்தீங்களா? என்ன வண்டின்னு கடைசி வரைக்கும் சொல்லவே இல்லையே.