அம்மாவிடம் சொல்ல மிஸ்ஸி யார்?

வெள்ளவத்தை மகள்:
கொழும்பில் ஒரு ஆஸ்பத்திரி, பெயர் வேண்டாம். அம்மாவின் பயொப்சி ரிப்போர்ட்டில் கேன்சர் என்று வந்ததும் டொக்டரைக் கெஞ்சி, "கட்டி என்று மட்டும் சொல்லுங்கோ" என்று கேட்டு வைத்திருந்தோம். அன்று இரவு டியூட்டியில் நின்ற தாதியிடம், அந்த மிஸ்ஸியிடம், அம்மா கேட்டிருக்கிறார். அவர் நேராகச் சொல்லிவிட்டார். காலையில் போனால் அம்மா சுவர்ப் பக்கம் திரும்பிக் கிடக்கிறார். சொல்ல இவர் யார்?

தாதி ஒருத்தி:
தங்கச்சி, நோயை முதலில் சொல்வது டொக்டரின் வேலைதான். நாங்கள் முந்தக் கூடாது. ஆனால் ரவுண்ட்ஸ் முடிந்ததும் அவர் போய்விடுவார். "மிஸ்ஸி, எனக்குக் கேன்சரோ?" என்ற கேள்வி இரவு இரண்டு மணிக்கு எங்களிடம்தான் வரும். நான் கதிரையை இழுத்துப் போட்டு, "நீங்கள் என்ன நினைக்கிறீங்கள்?" என்று கேட்பேன். சிலர் தாங்களே சொல்லிவிடுவார்கள். சிலர் பேச்சை மாற்றுவார்கள், அவர்களை விட்டுவிடுவேன். 2000இல் வெளிவந்த ஸ்பைக்ஸ் என்ற ஆறு படி முறையிலும் இதுதான்: என்ன தெரியும், எவ்வளவு தெரிய விருப்பம் என்று கேட்ட பிறகே சொல்ல வேண்டும்.

வெள்ளவத்தை மகள்:
அதெல்லாம் வெளிநாட்டு முறை அக்கா. எங்கள் வீட்டில் அம்மா தனியாக எதையும் முடிவெடுப்பதில்லை.

தாதி ஒருத்தி:
சரி, நாளைக்கு மகரகமவுக்கு அனுப்பினால்? அங்கே அபேக்ஷா கேன்சர் ஆஸ்பத்திரிக்கு எதற்குப் போகிறார்கள் என்று 138 பஸ் கண்டக்டருக்கே தெரியும். அம்மாவுக்குத் தெரியாதா?

கொட்டாஞ்சேனை தம்பி:
தமிழில் சொல்ல ஒரு மிஸ்ஸி இருந்தாரே, கொடுத்து வைத்தவர்கள். அப்பாவின் வார்டில் அன்று தமிழ் தெரிந்தவர் ஒருவரும் இல்லை. தமிழும் அரசகரும மொழி என்று 1987இல் அரசியலமைப்பின் 13ஆவது திருத்தத்திலேயே எழுதியாயிற்று. வார்டில் மொழிபெயர்த்தது 14 வயதில் நான். மிஸ்ஸி கேன்சர் என்று சிங்களத்தில் சொன்ன "பிலிகா"வை விழுங்கிவிட்டு, "உள்ளே புண்ணாம் அப்பா" என்றேன். புண்தானே, ஆறிவிடும் என்று அவர் கீமோவைப் பாதியில் விட்டார். அந்தப் புண் என் வாயில் இருந்து வந்தது. வீட்டுக்காரர் மறைக்கலாம் என்பவர்களிடம் எனக்கு வேறு கதை இல்லை.

வெள்ளவத்தை மகள்:
தம்பி, என்ன சொல்வதென்று தெரியவில்லை. ஆனாலும் அந்த மிஸ்ஸி விடியும்வரை பொறுத்து, எங்களையும் வைத்துக்கொண்டு சொல்லியிருக்கலாம்.

தாதி ஒருத்தி:
அது பிழைதான். இரவில் சொல்லிவிட்டு அடுத்த கட்டிலுக்குப் போனது அதைவிடப் பிழை.

வெள்ளவத்தை மகள்:
இன்று அம்மா வாய் திறந்தார். "உனக்கு எப்ப தெரியும்?" என்றார். "போன கிழமை" என்றேன். அதற்குத்தான் அழுதார்.