வெல்லெஸ்லி குடும்பம் உண்மையில் வெல்லெஸ்லியா?

பழையபத்திரம்:
1799இல் திப்புவை வீழ்த்திய போரில் இருந்த ஆர்தர் வெல்லெஸ்லி, அப்போது கவர்னர் ஜெனரலாக இருந்த அவர் அண்ணன் ரிச்சர்ட், இவர்கள் குடும்பம் 12ஆம் நூற்றாண்டு இங்கிலாந்து அரசர் இரண்டாம் ஹென்றிக்குக் கொடி பிடித்துக்கொண்டு அயர்லாந்துக்கு வந்தது என்று இன்னமும் எழுதுகிறார்கள். அப்பன் வழி பார்த்தால் இவர்கள் கில்டேர் கவுண்டியில் கார்பரி கோட்டையின் கோலி குடும்பம் (கிரிக்கெட் நினைப்பு வேண்டாம்). தாத்தா ரிச்சர்ட் கோலிக்கு 1728இல் பிள்ளையில்லாத உறவினர் காரட் வெஸ்லியின் உயில்படி மீத் கவுண்டியில் டாங்கன் எஸ்டேட் வந்தது, கூடவே பெயரையும் வெஸ்லி (வெல்லெஸ்லியின் சுருங்கிய எழுத்து) என்று மாற்றிக்கொண்டார். ரத்தம் எங்கே வந்தது?

அத்தைவழி:
யாரோ வழிப்போக்கனுக்கு எழுதி வைத்த மாதிரி பேசுகிறீர்களே. அந்தக் காரட் வெஸ்லியின் அம்மாவே கோலி வீட்டுப் பெண்தான்.

பழையபத்திரம்:
அதனால் கோலிக்கு வெஸ்லி ரத்தம் வராதே, தலைகீழாக அல்லவா போகிறது! இந்த வீட்டில் நிலம் எங்கேயோ பெயரும் அங்கே. ஆர்தரின் அண்ணன் வில்லியமுக்கு 1781இல் பாலிஃபினில் போல் குடும்பத்துச் சொத்து கிடைத்ததும் வெல்லெஸ்லி-போல் ஆகிவிட்டார். தம்பி ஹென்றி 1828இல் பிரபுப் பட்டம் வாங்கியபோது வைத்துக்கொண்ட பெயர் கௌலி, அதாவது கோலியின் பழைய எழுத்து. கூடப் பிறந்தவரே ஒப்புக்கொண்ட பிறகு நமக்கு என்ன வாதம்?

சும்மா_வந்தவன்:
ஆர்தரே இந்தியாவுக்கு வந்த புதிதில் வெஸ்லி என்றுதான் கையெழுத்துப் போட்டார், 1798இல்தான் வெல்லெஸ்லி. அண்ணன் பழைய எழுத்தைத் தூசி தட்டி எடுத்ததும் தம்பியும் மாற்றிக்கொண்டார்.

அத்தைவழி:
சரி, ரத்தம்தானே கேட்டீர்கள்? 16ஆம் நூற்றாண்டில் அயர்லாந்தின் லார்ட் சான்சலராக (தலைமை நீதி அதிகாரி) இருந்த தாமஸ் கியூசாக்கின் அம்மா அலிசன், டாங்கன் வெல்லெஸ்லி வீட்டுப் பெண். அந்தத் தாமஸின் மகள் கேத்தரினைக் கட்டியவர் கார்பரியின் சர் ஹென்றி கோலி. உயில் எழுதுவதற்கு நூறு வருஷத்துக்கும் மேல் முன்னாலேயே ரத்தம் கார்பரிக்குப் போய்விட்டது. அப்பன் வழியை மட்டும் வைத்துக் கோடு போட்டால் இது கண்ணில் படாது.

பழையபத்திரம்:
கியூசாக் திருமணத்தை நான் விட்டுவிட்டேன், ஒத்துக்கொள்கிறேன். ஆனால் பெண்வழியை எண்ண ஆரம்பித்தால் மீத், கில்டேரில் வெல்லெஸ்லி இல்லாத பண்ணை வீட்டைத் தேடத்தான் வேண்டும். எல்லாரும் எல்லாருக்கும் சம்பந்தி. கொடி பிடித்த கதைக்கு இது சாட்சி ஆகாது.

அத்தைவழி:
கொடிக் கதையை நான் எங்கே சொன்னேன்? “ரத்தம் எங்கே வந்தது” என்று கேட்டீர்கள், காட்டினேன். மூல உயிலைக் காட்டு என்று அடுத்துக் கேட்காதீர்கள், 1922இல் டப்ளின் ஆவணக் காப்பகம் எரிந்ததில் அந்தக் கால உயில்கள் பெரும்பாலும் போய்விட்டன. வம்சாவளி ஆய்வாளர் வில்லியம் பெத்தம் அதற்கு முன்பே எடுத்து வைத்த உயில் சுருக்கங்களும், 1708இல் தொடங்கிய பத்திரப்பதிவு ஏடுகளும்தான் மிச்சம்.

சும்மா_வந்தவன்:
நீங்கள் இருவரும் பங்கு பிரிக்கிற டாங்கனை ஆர்தரின் அண்ணன் ரிச்சர்ட் எப்போதோ விற்றுவிட்டார். இப்போது அங்கே நிற்பது வெறும் சுவர்.