நான்கு வழிச்சாலைக்கு 40 சென்ட்டில் 12 சென்ட் போகிறது, 3ஏ அறிவிப்பு வந்துவிட்டது: இனி என்ன செய்ய வேண்டும்?

புஞ்சை40 கேட்டது:

வணக்கம். எங்கள் ஊர் வழியாகப் போகும் தேசிய நெடுஞ்சாலையை அகலப்படுத்துகிறார்கள். 3ஏ அறிவிப்பு (நிலத்தை எடுக்கப் போவதாகத் தேசிய நெடுஞ்சாலைகள் சட்டத்தின் 3ஏ பிரிவில் வரும் அறிவிப்பு) நேற்று நாளிதழில் வந்தது, எங்கள் சர்வே எண்ணும் அதில் இருக்கிறது. மொத்தம் 40 சென்ட் புஞ்சை. ரோட்டை ஒட்டிய 12 சென்ட்டை எடுக்கிறார்கள். ஓட்டு வீட்டின் முன்பாதி, ஒரு கிணறு, 9 தென்னை எல்லாம் அந்த 12 சென்ட்டுக்குள் வருகின்றன. பட்டா இன்னும் காலமான தாத்தா பெயரில்தான் இருக்கிறது. வாரிசுகள் ஐந்து பேர்.

ஆட்சேபணை கொடுத்தால் பலன் உண்டா? விலையை எப்படிக் கணக்கிடுவார்கள்? பட்டா மாறாமல் இருப்பதால் பணம் நின்றுவிடுமா?

சங்கிலி_அளவு:

முதலில் தேதியைப் பாருங்கள். ஆட்சேபணைக்கான 21 நாள் கெடு, 3ஏ அறிவிப்பு மத்திய அரசிதழில் வெளியான நாளிலிருந்து ஓடுகிறது. நாளிதழில் அதன் சுருக்கம் வருவதற்குள் பல நாள் போயிருக்கும். நேற்றுதான் பேப்பரில் வந்தது, இன்னும் மூன்று வாரம் இருக்கிறது என்று இருந்துவிடாதீர்கள். இன்றைக்கே அரசிதழ் இணையதளத்தில் அந்த அறிவிப்பை எடுத்து, வெளியான தேதியைக் குறித்துக்கொள்ளுங்கள்.

அடுத்து, அறிவிப்பின் அட்டவணையை உங்கள் சிட்டா, அ-பதிவேடு, புல வரைபடம் மூன்றோடும் வரி வரியாக ஒப்பிடுங்கள். 12 சென்ட் என்பது சுமார் 486 சதுர மீட்டர், அதாவது 0.0486 ஹெக்டேர். (1 சென்ட் 40.47 ச.மீ.) அட்டவணையில் வேறு எண் இருந்தால் உட்பிரிவு தவறியிருக்கலாம், அல்லது பக்கத்துப் புலத்தின் பரப்பு உங்கள் எண்ணில் ஏறியிருக்கலாம். நிலத்தின் வகையையும் பாருங்கள். வீடு நிற்கும் இடமும் வெறும் புஞ்சை என்றே எழுதப்பட்டிருந்தால் பின்னால் விலையில் அடி விழும்.

3சி பிரிவில் கொடுக்கும் மனு, அதாவது இந்த ஆட்சேபணை, நிலத்தை அந்தப் பயன்பாட்டுக்கு எடுப்பதைப் பற்றியது. "விலை போதாது" என்று அதில் எழுதிப் பயனில்லை, அதற்குத் தனிக் கட்டம் இருக்கிறது. எதிர்ப்பக்கம் புறம்போக்கு கிடக்கும்போது ஏன் இந்தப் பக்கம் மட்டும் வெட்டுகிறார்கள், சாலையின் நடுக்கோடு எங்கே நகர்கிறது, பரப்பு எங்கே தவறு, எந்தக் கட்டடம் விடுபட்டிருக்கிறது என்று வரைபடத்தோடு எழுதுங்கள். நில எடுப்பு தனி மாவட்ட வருவாய் அலுவலர் அலுவலகத்தில் நேரில் கொடுத்து, நகலில் முத்திரையும் தேதியும் வாங்குங்கள். நேரிலோ வழக்கறிஞர் மூலமோ விசாரிக்கப்பட உங்களுக்கு உரிமை உண்டு, அதையும் மனுவிலேயே கேளுங்கள்.

நிலம் எடுப்பதே நின்றுவிடும் என்று நம்பி இதைச் செய்யாதீர்கள், பெரும்பாலும் நிற்காது. ஆனால் இந்த மனுவில் எழுதியது கோப்பில் இருக்கும். கிணறு விடுபட்டது என்று இப்போதே எழுதியிருந்தால் பிறகு யாரும் மறுக்க முடியாது.

தீர்வம்_பார்வை:

சங்கிலி_அளவு சொன்னதோடு சேர்த்து விலைக் கணக்கை விவரமாகச் சொல்கிறேன். அதிகம் பேர் ஏமாறுவது இங்கேதான்.

நிலம் எடுப்பது தேசிய நெடுஞ்சாலைகள் சட்டம் 1956-இன்படி. ஆனால் 2015 ஜனவரி 1 முதல் இழப்பீட்டுக் கணக்கு 2013-ஆம் ஆண்டு நில எடுப்புச் சட்டத்தின் முதல் அட்டவணைப்படி நடக்க வேண்டும். அந்தச் சட்டத்தின் 26-ஆம் பிரிவில், பதிவுக்கான அரசு வழிகாட்டி மதிப்பு ஒன்று, அருகிலுள்ள அதே வகை நிலங்களின் சராசரி விற்பனை விலை இன்னொன்று. இரண்டில் எது அதிகமோ அதை எடுக்க வேண்டும். சராசரி போடும் விதத்தைக் கவனியுங்கள். முந்தைய மூன்று ஆண்டுகளில் பதிவான கிரயப் பத்திரங்களில், விலை அதிகமான பாதியை மட்டும் எடுத்துத்தான் சராசரி காண வேண்டும். எல்லாப் பத்திரத்தையும் கூட்டி வகுத்தால் அது தவறு. வழிகாட்டி மதிப்பை மட்டும் போட்டு முடித்தாலும் தவறு.

மதிப்புக்குரிய நாள் 3ஏ அறிவிப்பு வெளியான நாள். அதற்குப் பிறகு பதிவான பத்திரம் எவ்வளவு அதிக விலை காட்டினாலும் செல்லாது. முத்திரைக் கட்டணத்தை மிச்சம் பிடிக்க ஊரே குறைத்துப் பதிந்த விலை, இப்போது உங்கள் நிலத்தின் விலையாகத் திரும்பி வரும். அதனால் சார்பதிவாளர் அலுவலகத்தில், சாலையை ஒட்டிய சர்வே எண்களுக்கு மூன்று ஆண்டு வில்லங்கம் போட்டு, நல்ல விலைக்குப் பதிவான பத்திரங்களின் சான்றிட்ட நகல் வாங்கி வையுங்கள். வங்கிக் கடனுக்காக முழு விலை காட்டிப் பதிந்தவர்களின் பத்திரங்கள்தான் பெரும்பாலும் உதவும்.

ஒரு மாதிரிக் கணக்கு. சென்ட் 1 லட்சம் என்று வைத்தால் 12 சென்ட் 12 லட்சம். கிராமப்புற நிலத்துக்குப் பெருக்குக் காரணி 1 முதல் 2 வரை, மாநில அரசு நிர்ணயிக்கும். 1.25 என்று வைத்தால் 15 லட்சம். கட்டடம், கிணறு, மரம் மூன்றுக்கும் 6 லட்சம் என்றால் 21 லட்சம். இந்த மொத்தத்துக்கும் 100 சதவீதம் ஆறுதல் தொகை (நிலத்தைக் கட்டாயமாக எடுப்பதற்காகத் தரும் கூடுதல் தொகை), ஆக 42 லட்சம். இதற்கு மேல், 3ஏ நாளிலிருந்து தீர்வம் (இழப்பீட்டை நிர்ணயிக்கும் உத்தரவு) அல்லது சுவாதீனம் (நிலத்தைக் கையில் எடுப்பது), எது முந்தியோ அதுவரை சந்தை மதிப்பின் மீது ஆண்டுக்கு 12 சதவீதம். ஒன்றரை ஆண்டு ஆனால் 12 லட்சத்துக்கு 2.16 லட்சம். மொத்தம் 44.16 லட்சம்.

ஆறுதல் தொகையை நிலத்துக்கு மட்டும் போட்டு, கட்டடத்துக்கும் மரத்துக்கும் விட்டிருக்கிறார்களா என்று தீர்வத்தைக் கையில் வாங்கியதும் பாருங்கள். அந்த ஒரு வரியிலேயே இந்தக் கணக்கில் 6 லட்சம் வித்தியாசம் வருகிறது.

செங்கல்_சுவர்:

வீட்டைப் பற்றி நான் சொல்கிறேன். அலுவலர்கள் சேர்ந்து வந்து நிலத்தையும் கட்டடத்தையும் அளக்கும் கூட்டு அளவீட்டு நாளில் வீட்டில் விவரம் தெரிந்த ஒருவர் கட்டாயம் இருக்க வேண்டும். அடித்தளப் பரப்பு, சுவர் கனம், கூரை வகை, தரை வகை, கதவு ஜன்னல் மரம், கழிப்பறை, தண்ணீர்த் தொட்டி, சுற்றுச்சுவர் நீளமும் உயரமும், வாசல் கேட், மின் இணைப்பு எல்லாவற்றையும் நீங்களே ஒரு தாளில் எழுதி நகல் கொடுங்கள். கிணற்றுக்கு விட்டம், ஆழம், கட்டுமானம் கல்லா உறையா, மோட்டார், குழாய் நீளம். தென்னைக்கு வயதும் காய்ப்பும். மரத்தைத் தோட்டக்கலைத் துறை மதிப்பிடும், கட்டடத்தைப் பொறியாளர் மதிப்பிடுவார். விவரம் நிரப்பாத மகஜரில் (அளவீட்டு விவரங்களை எழுதும் பதிவுத் தாளில்) கையெழுத்துப் போடாதீர்கள்.

ஓட்டு வீட்டின் முன்பாதியை வெட்டினால் பின்பாதி நிற்காது. உத்தரமும் கைமரமும் முன்சுவரில் உட்கார்ந்திருக்கும். ஆனால் அளப்பவர்கள் கல் நட்ட கோட்டுக்கு உட்பட்ட சதுர மீட்டரை மட்டும் கணக்கெடுத்துப் போய்விடுவார்கள். 3ஜி(7) பிரிவு, நிலத்தைத் துண்டாடுவதால் மிச்ச நிலத்துக்கும் மற்றச் சொத்துக்கும் வரும் சேதத்தை இழப்பீட்டில் கணக்கில் கொள்ளச் சொல்கிறது. குடியிருப்பு மாறுவதற்கான நியாயமான செலவும் அதில் வரும். பதிவு பெற்ற கட்டமைப்புப் பொறியாளரிடம் "மீதிப் பகுதி குடியிருக்கத் தகுதியற்றது" என்று அறிக்கை வாங்கி, வீட்டின் முழு மதிப்பையும் கேளுங்கள். கிணறு போனபின் மிச்சமுள்ள 28 சென்ட்டுக்குத் தண்ணீர் இல்லை என்பதும் இதே பிரிவில் வரும் சேதம்தான். புதுக் கிணறு தோண்டும் மதிப்பீட்டையும் சேர்த்துக் கேளுங்கள்.

புஞ்சை40:

மிக்க நன்றி. பட்டா விஷயம்தான் இன்னும் பயமாக இருக்கிறது. ஐந்து பேரில் ஒருவர் கையெழுத்துப் போட மறுக்கிறார்.

தீர்வம்_பார்வை:

ஒருவர் மறுத்தாலும் நில எடுப்பு நிற்காது. நிலம் எடுப்பதை உறுதிசெய்யும் 3டி அறிவிப்பு அரசிதழில் வந்த அன்றே நிலம் வில்லங்கம் எதுவுமின்றி மத்திய அரசுக்குச் சேர்ந்துவிடும். 3ஏ வந்து ஓராண்டுக்குள் 3டி வர வேண்டும், தடையாணை இருந்த காலம் இதில் சேராது. வராவிட்டால் 3ஏ காலாவதி.

நிற்கப் போவது பணம்தான். பங்கில் தகராறு என்றால் 3எச்(4) பிரிவின்படி அலுவலர் அதை உரிமையியல் நீதிமன்றத்துக்கு அனுப்பிவிடுவார். அங்கே போனால் ஆண்டுகள் ஓடும். இப்போதே தாத்தாவின் இறப்புச் சான்று, வாரிசுச் சான்று வாங்கி, ஐந்து பேர் பெயரிலும் கூட்டுப் பட்டாவுக்கு விண்ணப்பியுங்கள். கூட்டுப் பட்டாவுக்குப் பாகப்பிரிவினை தேவையில்லை. வாரிசுகளில் யாராவது இறந்திருந்தால் அவர் வாரிசுகளுக்கும் தனிச் சான்று வேண்டும். மறுப்பவரிடம் "சமபங்கு ஐந்தில் ஒன்று அவரவர் கணக்கில் நேராக வரும்" என்று மட்டும் பேசிப் பாருங்கள். பழைய கணக்குகளை இதில் இழுக்காமல் இருந்தால் பாதிப் பேர் சம்மதிப்பார்கள். 3ஜி(3) பொது அறிவிப்பு வரும்போது ஐந்து பேரும் உரிமை கோரி மனு கொடுக்க வேண்டும்.

நடுவர்_மனு:

தீர்வத் தொகை குறைவு என்றால் அடுத்த கட்டம் 3ஜி(5), மத்திய அரசு நியமித்த நடுவரிடம் மனு. பல மாவட்டங்களில் ஆட்சியரே நடுவர். பணத்தை வாங்காமல் காத்திருக்க வேண்டாம். "ஆட்சேபணையுடன் பெற்றுக்கொள்கிறேன்" என்று எழுதிக் கொடுத்து வாங்கிவிட்டு மனுப் போடுங்கள். நடுவர் கூட்டிக் கொடுத்தால், கூடுதல் தொகைக்கு சுவாதீனம் எடுத்த நாளிலிருந்து 9 சதவீத வட்டி உண்டு.

எல்லாப் பத்திரமும் பொறியாளர் அறிக்கையும் இந்தக் கட்டத்திலேயே தாக்கலாக வேண்டும். நடுவர் தீர்ப்பை எதிர்த்து மூன்று மாதத்துக்குள் மாவட்ட நீதிமன்றம் போகலாம், தக்க காரணம் காட்டினால் மேலும் 30 நாள். ஆனால் அங்கே விலையை மறுபடி எடைபோட்டுக் கூட்ட முடியாது. 2021 ஜூலையில் ஹக்கீம் வழக்கில் உச்ச நீதிமன்றம் இதைத் தெளிவாகச் சொன்னது. அது தமிழ்நாட்டு வழக்குதான். வழிகாட்டி மதிப்பை வைத்துச் சதுர மீட்டருக்கு ரூ.46.55 முதல் ரூ.83.15 வரை போட்டிருந்தார்கள், நடுவரும் மாற்றவில்லை. மாவட்ட நீதிமன்றம் ரூ.645 ஆக்கியது. அப்படித் திருத்த நடுவர் தீர்ப்பாயச் சட்டம் 1996-இன் 34-ஆம் பிரிவில் அதிகாரம் இல்லை என்று சொன்ன உச்ச நீதிமன்றம், அந்த விவசாயிகளுக்குக் கிடைத்த தொகையில் மட்டும் கைவைக்கவில்லை. அந்த விதிவிலக்கை எல்லாரும் எதிர்பார்க்க முடியாது. 2025 ஏப்ரலில் உச்ச நீதிமன்றத்தின் அரசமைப்பு அமர்வு சில வரம்புக்குட்பட்ட திருத்தங்களுக்கு வழி விட்டிருக்கிறது, சாட்சியத்தை மறுபடி அலசுவது அதில் சேராது.

தொகை எப்படி வந்தது என்று தெரியாமல் மனு எழுத முடியாது. தகவல் உரிமைச் சட்டத்தில் 10 ரூபாய் கட்டி, உங்கள் புலத்துக்கான விற்பனைப் புள்ளிவிவரப் பட்டியல், விலக்கிய பத்திரங்களும் காரணமும், கட்டட மதிப்பீட்டுத் தாள், மர மதிப்பீட்டுத் தாள் நான்கின் நகலையும் கேளுங்கள். நல்ல விலைப் பத்திரங்களை "ஒப்பிடத் தக்கதல்ல" என்று ஒரே வரியில் ஒதுக்கியிருப்பது அந்தப் பட்டியலில்தான் தெரியும்.

மாநிலச்_சாலை:

எங்கள் பக்கம் எடுப்பது மாநில நெடுஞ்சாலைத் துறை. இதெல்லாம் அதற்கும் பொருந்துமா?

சங்கிலி_அளவு:

பிரிவு எண்கள் வேறு. உங்களுக்குத் தமிழ்நாடு நெடுஞ்சாலைகள் சட்டம் 2001, 15-ஆம் பிரிவு. 2019-இல் சட்டமன்றம் அதற்குப் புத்துயிர் கொடுத்தது, 2021-இல் உச்ச நீதிமன்றம் அதை உறுதிசெய்தது. 3ஏ, 3டி என்று எதுவும் வராது. கையில் உள்ள நோட்டீசில் எந்தச் சட்டம், எந்தப் பிரிவு, எத்தனை நாள் என்று இருக்கிறதோ அதன்படி நடங்கள். பரப்பு ஒப்பிடுவது, பத்திரம் திரட்டுவது, கூட்டு அளவீடு எல்லாம் இரண்டுக்கும் ஒன்றுதான்.

புஞ்சை40-க்கு ஒன்று விட்டுவிட்டேன். 3இ நோட்டீஸ் வந்த நாளிலிருந்து காலி செய்ய 60 நாள் உண்டு. இழப்பீட்டுத் தொகை அலுவலரிடம் கட்டப்பட்ட பிறகே சுவாதீனம் கேட்கலாம். மிச்ச 28 சென்ட்டில் புது வீடு கட்டுவதானால், புதிய சாலை எல்லையிலிருந்து எவ்வளவு தூரம் விட வேண்டும் என்று கேட்டுவிட்டே அடித்தளம் தோண்டுங்கள்.